கொல்லிமலை தந்த பாத வைத்தியர் – டாக்டர் போல் பிராண்ட்

ஊரிலே சீனி வருத்தம் என்போம். சலரோகம், நீரிழிவு என்றும் சொல்வோம். எந்தப் பெயரால் அழைத்தாலும் இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு எம்மவர் மத்தியில் மிக அரிது. ஆலயத்தில் அன்னதான வரிசையில் பாயாசத்துக்குக் கையை மறிப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த ரொறன்ரோ மாநகரந்தான் இன்சுலின் பிறந்த இடம் என்பதையும், 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டதையும் எமது பிள்ளைகள் பாடசாலையிலேயே படித்துவிடுகிறார்கள். இன்சுலின் உயிரைக் காத்தது. ஆனால் உயிர் தப்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களின் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போக, காலில் புண் வந்து, அது ஆறாமல் விரலும் பாதமும் வெட்டி எடுக்கப்படும் அவலம் தொடர்ந்தது. அந்தப் புண் ஏன் ஆறுவதில்லை, எப்படி ஆறும் என்பதைக் கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் தமிழ் மண்ணில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த ஓர் ஆங்கிலேயர் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. அவரது வரலாற்றையே இவ்விதழில் தருகின்றோம்.

போல் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி, கொல்லிமலையில் பிறந்தார். வல்வில் ஓரி ஆண்ட அதே கொல்லிமலைதான். தந்தையார் ஜெசி பிராண்ட், தாயார் எவலின். இருவரும் கிறிஸ்தவ மிஷனரிகள். தந்தையார் கட்டடத் தொழில் தெரிந்தவர். வைத்தியம் கொஞ்சமே படித்தவர். ஆயினும் மலைவாழ் மக்களுக்கு வேறு வைத்தியர் இல்லாதபடியால் பல் பிடுங்குவது முதல் காலில் இருந்து நரம்புச் சிலந்திப் புழுவை இழுத்து எடுப்பது வரை எல்லாவற்றையும் அவரே செய்தார். ஒருநாள் தொழுநோயாளர் சிலர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவர்களின் புண்களுக்குத் தந்தையார் கட்டுப் போட்டதைச் சிறுவன் போல் எட்டி நின்று பார்த்தான். பிள்ளைகள் வெறுங்காலுடன் மலையெல்லாம் ஓடித் திரிந்தார்கள். மரத்தில் ஏறி இருந்து பாடம் படித்தார்கள்.

ஒன்பது வயதில், 1923இல், தங்கையுடன் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அதன்பின் அவர் காணவில்லை. 1929இல் ஜெசி பிராண்ட் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே காலமானார். தந்தி முதலில் வந்து சேர்ந்தது. தந்தையார் சுகமாயிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் அதன் பின்னரும் வந்துகொண்டிருந்தன. பிள்ளைகளை ஒரு நாட்டிலும் பெற்றோரை ஒரு நாட்டிலும் விட்டுப் பிரிந்து வாழ்ந்த எமக்கு, இதன் கனத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாடசாலை முடிந்ததும் அவர் வைத்தியம் படிக்கப் போகவில்லை. மேசன் வேலையும் தச்சு வேலையும் பழகினார். கல்லை எப்படி வைத்தால் பாரம் எங்கே இறங்கும், எந்த இடத்தில் சுவர் வெடிக்கும் என்பவற்றைக் கையால் அறிந்தவர். பின்னர் லண்டனில் வைத்தியம் கற்று, போர்க்காலக் குண்டுவீச்சில் காயப்பட்டோருக்குச் சத்திரசிகிச்சை செய்து தேர்ச்சி பெற்றார். உடன்படித்த மார்கரெட் பெரி என்பவரை 1943இல் மணந்தார். அம்மையார் பின்னாளில் பெயர்பெற்ற கண் வைத்தியரானார். 1946இல் போல் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மேசன் வேலை பழகிய காலம் வீண்போனதாக நாம் கருதவில்லை. பாதத்தை ஒரு கட்டடமாகப் பார்க்கும் கண் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

1947இல் டாக்டர் ரொபேட் கொக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் உள்ள தொழுநோய் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். நோயாளர் ஒருவரின் மடங்கிப்போன கையைப் பிராண்ட் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கை அவர் விரல்களை நோகும்படி இறுக்கியது. சோர்ந்துபோனதாக எல்லோரும் கருதிய கையில் இவ்வளவு பலமா என்ற வியப்பே அவரது ஆராய்ச்சியின் வித்து. அடுத்த ஆண்டுகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்திய வரலாறு உலகப் புகழ் பெற்றது. அதை இங்கு விரிக்கவில்லை. எமக்கு வேண்டியது பாதம்.

தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாகவே அழுகி விழுகின்றன, அவர்களின் தசை கெட்ட தசை, அதில் புண் ஆறாது என்பதே அன்றைய நம்பிக்கை. வைத்தியர்களும் அப்படியே நம்பினர். பிராண்ட் ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவனது விரலில் இரத்தம் வழிந்தது. பார்த்தால் எலும்பு தெரியுமளவுக்குக் காயம். பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவில் சில நோயாளரின் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் தேடியபோது, உறக்கத்தில் எலிகள் கடிப்பதே காரணம் எனக் கண்டுபிடித்தார்கள். சிகிச்சை முடிந்து வீடு செல்வோருக்கு அதன் பின்னர் ஆளுக்கொரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள் என்பது உண்மைக் கதை. நோய் தசையைத் தின்பதில்லை. நோ என்ற காவற்காரன் போய்விட்டான். காவல் இல்லாத வீட்டுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

பாதப் புண்ணில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எத்தனை களிம்பு பூசினாலும் ஆறாத புண், நோயாளியைக் கட்டிலில் கிடத்தினால் ஆறியது. எழுந்து நடந்தால் மீண்டும் அதே இடத்தில் வாய் திறந்தது. ஆனால் ஏழை மனிதனை மாதக்கணக்கில் கட்டிலில் எப்படிக் கிடத்துவது? இதற்கு விடையாக வந்தது பிளாஸ்ரர் கட்டு. எலும்பு முறிந்தால் போடும் அதே வெள்ளைப் பிளாஸ்ரரை, பாதத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றோடும் ஒட்டி நிற்கும்படி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வார்த்துப் போடுவது. காலை ஊன்றும்போது பாரம் புண்ணின் மேல் மட்டும் விழாமல் பாதம் முழுவதற்கும், கெண்டைக்காலைச் சுற்றிய சுவருக்கும் பகிர்ந்து போகிறது. நோயாளி நடக்கிறார், புண் ஓய்வெடுக்கிறது. இம்முறையை 1930களிலேயே இலங்கையில் தொழுநோயாளரிடம் கையாண்டவர் எமது டாக்டர் மில்ரோய் போல் என மருத்துவ வரலாறு குறிப்பிடுகிறது. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் முதலாவது சத்திரசிகிச்சைப் பேராசிரியராக 1936இல் பதவியேற்ற தமிழர் அவர். கொழும்பிலும் வேலூரிலும் வளர்ந்த ஒரு வைத்தியம் பின்னர் மேற்கு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எமது இளைய தலைமுறை அறிந்திருப்பது நல்லது.

புண் ஆறிய பின் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதற்காக வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி வைத்தியசாலையிலும் பல்வேறு பாதணிகளைச் செய்து பார்த்தார்கள். கடைசியில் நுண்துளைகள் கொண்ட மென்மையான றப்பர் உள்ளடியும், ஆணி இல்லாத உறுதியான வெளி அடியும் கொண்ட செருப்பு வழக்கத்துக்கு வந்தது. ஆணி அடித்த செருப்பில் ஆணி மேலே வந்து குத்தினாலும் இவர்களுக்குத் தெரியாது என்பதே அந்த ஏற்பாட்டுக்குக் காரணம்.

இக்காலத்தில் அவருக்கே ஒரு சோதனை நேர்ந்தது. நீண்ட பிரயாணத்தின் பின் லண்டனில் ஒரு விடுதியில் காலுறையைக் கழற்றியபோது, குதிக்காலில் உணர்வில்லாததைக் கண்டார். ஊசியை எடுத்துக் குத்தினார். நோகவில்லை. தொழுநோய் தமக்கும் தொற்றிவிட்டது என்று முடிவுகட்டி, மனைவி பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டுமே என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்த, உயிர் போவது போல் நொந்தது. ரயிலில் அசையாமல் இருந்ததில் நரம்பு சற்று நசுங்கியிருந்ததே தவிர வேறொன்றுமில்லை. நோவுக்காக ஒரு மனிதன் கடவுளுக்கு நன்றி சொன்ன காலை அது. பின்னாளில் அவர் எழுதிய நூல்கள் பலவற்றுக்கும் இதுவே கரு.

1960இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும் அதற்கடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் கௌரவமும் கிடைத்தன. 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னுமிடத்தில் இருந்த தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே பொறியியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு, பாரம் எவ்வாறு தோலைக் கெடுக்கிறது என்பதை அளந்து பார்த்தார். எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மெல்லிய அழுத்தத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்தபோது, முதல்நாள் ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களில் அந்த இடம் சூடேறி வீங்கியது. அதையும் பொருட்படுத்தாமல் தொடர்ந்தபோது புண்ணாகியது. இடையிடையே ஓய்வு கொடுத்தபோதோ தோல் தடித்துத் தன்னைக் காத்துக்கொண்டது.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இது உடனே விளங்குகிறது. கடையை ஒரேநாளில் மூடவைப்பது பெருந்திருட்டு. அது எவர் கண்ணுக்கும் தப்பாது. தினமும் கல்லாவில் குறையும் ஐந்து பத்து டொலரை யாரும் தேடுவதில்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது முதலே போயிருக்கும். பாதப் புண்ணும் அவ்வாறானதே. ஆணி குத்தியதால் வருவதைவிட, ஒரே இடத்தில் ஒரே அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதால் வருவதே அதிகம். நல்ல உணர்வுள்ள ஒருவர் நெடுந்தூரம் நடக்கையில், தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். பாரத்தைக் குதியிலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து விரலுக்கும் மாற்றுகிறார். உணர்வு போனவர் முதல் அடியை வைத்தது போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார். இதையும் கண்டு எழுதியவர் பிராண்ட்தான்.

செயற்கையாக நோவை உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்யவும் அவரது குழுவினர் பல ஆண்டுகள் முயன்றார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தமானிகளைப் பொருத்தி, அளவு மீறினால் ஒலி எழும்படி செய்தார்கள். நோயாளர் அதை மதிக்கவில்லை. உடலில் சுள்ளென மின்சாரம் தாக்கும்படி செய்தார்கள். அவர்கள் வேலை முடியும்வரை அதை அணைத்து வைத்தார்கள்! முயற்சி கைவிடப்பட்டது.

கார்வில்லில் இருந்தபோதுதான் சலரோகக்காரரின் பாதங்கள் அவர் கவனத்தை ஈர்த்தன. வேலூரில் கண்ட அதே புண், அதே இடத்தில். அக்காலத்தில் சலரோகப் புண் என்றால் இரத்த ஓட்டக் குறைவே காரணம், ஆறாது, வெட்ட வேண்டியதே என்று பல வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். இரத்த ஓட்டக் குறைவும் உண்மையில் பலருக்கு உண்டு. ஆனால் இரத்த ஓட்டம் போதியளவு இருந்தும் புண் ஆறாதவர்கள் ஏராளம் என்றும், அவர்களிடம் இல்லாதது நோவு ஒன்றே என்றும் அவர் எடுத்துச் சொன்னார். அதே பிளாஸ்ரரைப் போட்டார். ஆறியது. எந்த அளவுக்கு உணர்வு குறைந்தால் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்பதை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் தொட்டுப் பார்த்து அறியும் அளவையும் கார்வில்லில்தான் 1980களில் வகுத்தார்கள். இன்று எமது குடும்ப வைத்தியர் அல்லது பாத வைத்தியர் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தைத் தொடுகிறாரே, அந்த இழைதான் அது. தொடவில்லை என்றால் கேட்டுத் தொடச் செய்யுங்கள்.

1989இல் வெளியான ஓர் ஆய்வில், பிளாஸ்ரர் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது. மருந்து கட்டி, விசேட பாதணி கொடுக்கப்பட்ட 19 பேரில் 6 பேருக்கே ஆறியது. கழற்றக்கூடிய சப்பாத்து வடிவக் கட்டுகளும் பின்னர் வந்தன. ஆனால் 2003இல் நடந்த ஆய்வொன்றில் அவற்றுக்குள் இரகசியமாக அளவுக் கருவி வைத்துப் பார்த்தபோது, நோயாளர் தமது அன்றாட நடமாட்டத்தில் 28 வீதத்துக்கே அதை அணிந்திருந்தமை தெரியவந்தது. சமையலறைக்குப் போகவும் குளியலறைக்குப் போகவும் எவர் கட்டை மாட்டுவார்? நோகாத காலுக்கு அது வெறும் தொல்லையே. அதனால்தான் 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்களும் பாதத்தின் அடியில் வந்த இவ்வகைப் புண்ணுக்கு, முழங்கால்வரை வரும், நோயாளி தாமாகக் கழற்ற முடியாத கட்டையே முதலில் சொல்கின்றன. இவற்றை அரச செலவில் வழங்கலாம் என ஒன்ராறியோவின் மருத்துவத் தர மதிப்பீட்டு அமைப்பு 2017இல் பரிந்துரை செய்தது. கடுமையான கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் இரத்த ஓட்டம் மிகக் குறைந்தவர்களுக்கும் இக்கட்டு ஏற்றதல்ல. பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். முதற் கட்டை, வீக்கம் வடிந்தவுடன் சில நாட்களிலேயே மாற்ற வேண்டும். கட்டுக்குள் மணம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

எமது உறவினர் ஒருவர் பல மாதங்கள் ஒரு நிலையத்துக்குச் சென்று புண்ணுக்கு மருந்து கட்டிவந்தார். கட்டியவர்கள் நல்லவர்கள், கட்டும் சுத்தம். ஆனால் இவர் எப்படி வந்து போகிறார், எங்கே வேலை செய்கிறார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அவர் இரண்டு பஸ் மாறி வந்து, கட்டியதும் நேராக உணவகச் சமையலறைக்குப் போய் எட்டு மணிநேரம் நின்றார். வருமான வரிப் பத்திரம் நிரப்ப எம்மிடம் வருபவர்களிலும் பெருவிரல் படாமலிருக்கச் சப்பாத்தின் முனையை வெட்டிவிட்டு வேலைக்குப் போனவர்களைக் கண்டிருக்கின்றோம். ஒரு நாள் வேலை போனால் அந்த மாத வாடகை இடிக்கும் என்பது அவர்களது கணக்கு. கால் போனால் எத்தனை ஆண்டு வருமானம் போகும் என்பதை அந்தப் பத்திரத்தில் போட இடமில்லை. புண் உள்ளவர் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் புண்ணின் மேல் விழும் பாரத்தை எப்படி எடுக்கப் போகிறீர்கள்? ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் கூடப் போய்க் கேட்கலாம்.

ஆலயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமது தேர்த் திருவிழா கோடையின் உச்சத்தில் வருகிறது. வாகனத் தரிப்பிடத்தின் தார் நடுப்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். ஆபத்து அது தெரியாதவர்களுக்கே. உணர்வு குறைந்த காலுடன் வடம் பிடித்து வந்து, மாலையில் வீட்டில் காலுறையைக் கழற்றும்போதே கொப்புளத்தைக் காண்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் காலுறையோடு உள்வீதி சுற்றுவதை யாரும் தவறென்பதில்லை. புண் ஆறிய காலுக்கென ஆலயத்துள் மட்டும் பாவிக்கும் சுத்தமான மென்பாதணியையும், பிளாஸ்ரர் கட்டுடன் வருபவருக்குக் கதிரையையும் பரிபாலன சபையினர் அனுமதிப்பார்களாயின், வெட்கத்தால் வீட்டில் இருப்பவர்கள் பலர் வருவார்கள் என்பது எமது எண்ணம். செருப்பணிந்த காலுடன் காளத்தியப்பரிடம் சென்ற கண்ணப்பரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துத்தானே வணங்குகின்றோம்.

போல் பிராண்டின் தாயார் எவலின் கணவர் போன பின்னும் மலையை விட்டு இறங்கவில்லை. முதுமையிலும் மட்டக் குதிரையில் மலைக்கிராமங்களைச் சுற்றி, 1974இல் 95 வயதில் காலமாகிக் கணவரின் அருகில் கொல்லிமலையிலேயே அடக்கமானார். மகன் 1986இல் ஓய்வுபெற்றுச் சியாற்றில் நகரில் குடியிருந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கௌரவப் பேராசிரியராக இருந்தபடி நூல்கள் எழுதினார். 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி, 89ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் மறைந்தார். தொழுநோயாளருக்கென வேலூர்ப் பக்கத்தில் செய்து பார்த்த அந்த நுண்துளை றப்பர்ச் செருப்பு, இன்று இந்தியாவில் சலரோகக்காரருக்கான பாதணியாகக் கடைகளிலே விற்கப்படுகிறது.